ஊரடங்கில் நீலகிரி உண்மையில் மீண்டதா?

கேள்வி (துடியலூரான்):
அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்த பின், இ-பாஸ் இல்லாமல் பர்லியாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்றாகிவிட்டது. நினைத்தபோதெல்லாம் குன்னூர் ஏறிப் பழகிய நான், புகைமூட்டம் விலகித் துலக்கமாகத் தெரிந்த மலையை மொட்டைமாடியில் நின்று பார்ப்பதோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருந்தது. மலை இளைப்பாறுகிறது என்று அப்போது பலரும் எழுதினார்கள். 2024 மே 7 முதல், நோய்க்காக அல்லாமல் வாகன நெரிசலுக்காக, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி அதே இ-பாஸ் திரும்பி வந்ததும் இந்தக் கேள்வி எழுந்தது: நாம் போகாமலிருந்ததால் மலைக்கு நன்மை ஏதேனும் விளைந்ததா, அல்லது அது வீட்டில் அடைபட்டிருந்தவர்களின் கற்பனைதானா?

மறுமொழி (கோத்தகிரிவாசி):
பெருமளவு கற்பனை என்றே சொல்வேன். காட்டுமாடுகள் தெருவுக்கு வந்துவிட்டன என்று பரவிய காணொளிகளைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அவை முன்பே தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டு வாசல்களிலும் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. ஆளரவம் குறைந்ததால் பகலிலும் தயங்காமல் நடமாடின, அவ்வளவே. தேயிலைத் தோட்டங்கள்கூட முழுதாக ஓய்ந்துவிடவில்லை. ஏப்ரல் நடுவிலேயே பாதி ஆள்களோடு வேலை தொடங்க அனுமதி கிடைத்தது. ஓய்ந்தவர்கள் வர்க்கி விற்பவர்களும், ஊட்டி ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர்களும், வாடகை வண்டி ஓட்டுபவர்களும்தான். அவர்களுக்கு அது இளைப்பாறலாக இருக்கவில்லை.

மறுமொழி (சீகூர் வழிப்போக்கன்):
மேலே உள்ளவர் சொல்வதை ஏற்கிறேன். முதுமலைக் காட்டுக்குள் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுக் களை, சுற்றுலாப் பயணிகள் வராததால் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆனால் அதே ஆண்டில், அக்டோபர் 14 அன்று, சீகூர் யானை வழித்தடத்தில் உள்ள விடுதிகளுக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. என் கணக்கில், அந்த ஆண்டு யானைகளுக்குக் கிடைத்த உண்மையான நன்மை இதுவே. அது ஊரடங்கால் வந்ததன்று, பல ஆண்டுகள் நடந்த வழக்கால் வந்தது.

மறுமொழி (துடியலூரான்):
இருவருக்கும் நன்றி. அப்படியானால், 2025 கோடைக்கு நீதிமன்றம் விதித்த வரம்பு (ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000) பயன் தருமா? நான் காரை விட்டுவிட்டு ஜூலையில் பேருந்தில் வரலாமென்று நினைக்கிறேன்.

மறுமொழி (கோத்தகிரிவாசி):
நெரிசலுக்குப் பயன் தரும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் குப்பைக்கும் வண்டிகளை எண்ணுவது மட்டும் போதாது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால் தாராளமாக வாருங்கள். ஜூலையில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். எங்கள் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசியில்தான் என்பதால், குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குவது நல்லது.