புதுப்பிப்பு: விஷ்போன் நாற்காலி இருக்கையின் நடுக்கோடு ஏன் கோணியது?

டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த, முதுகில் Y வடிவக் கட்டை உள்ள விஷ்போன் நாற்காலியின் இருக்கைக்குக் காகிதக் கயிறு (காகிதத்தை முறுக்கிச் செய்தது) பின்னும்போது, மூலைகளிலிருந்து வந்து நடுவில் சேரும் கோடுகள் கோணலாவதைப் பற்றி இந்த உரையாடலில் முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

இருக்கையின் முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளம். எடுத்த எடுப்பிலேயே நான்கு மூலையையும் சுற்றினால் அந்த வித்தியாசம் கடைசிவரை தொடர்ந்து கோட்டைக் கோணலாக்கும். முதலில் முன் மூலைகளை மட்டும் நிரப்ப வேண்டும்: கயிற்றை இடப் பக்கச் சட்டத்தின் உள்முகத்தில் ஆணியடித்து, முன் மூலை இரண்டையும் சுற்றி, வலப் பக்கச் சட்டத்தில் ஆணியடித்து வெட்டுங்கள். வித்தியாசம் 10 செ.மீ. என்றால் ஒவ்வொரு மூலையிலும் 5 செ.மீ. நிரம்ப வேண்டும். அதன் பிறகே நான்கு மூலையையும் தொடர்ந்து சுற்ற வேண்டும்.

சில சுற்றுக்கு ஒருமுறை மரக்கட்டை வைத்துத் தட்டி இழைகளை நெருக்குங்கள், மூலையில் மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பத்துச் சுற்று தாண்டினால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

கயிற்றைப் பிரம்புபோல் ஊறவைக்காதீர்கள், முறுக்கு அவிழ்ந்துவிடும். ஓர் இருக்கைக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு பிடிக்கும். முடிச்சுகள் அடிப்பக்கம் இருக்கட்டும். பக்கச் சட்டங்கள் முதலில் நிரம்பிவிடும். மீதி நடுப்பகுதியை முன்னும் பின்னுமாக எட்டு வடிவில் சுற்றி முடியுங்கள்.