கடைசிச் சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் (கலிபோர்னியா)

கேள்வி: உணவகத்தில் சமையல் வேலை பார்த்தேன். போன மாதம் திடீரென்று நீக்கிவிட்டார்கள். கடைசிச் சம்பளம், ஓவர்டைம் எதுவும் வரவில்லை. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார் முதலாளி. வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: வக்கீல் வேண்டாம். மாநில லேபர் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. நீக்கிய அன்றே கணக்கு முடித்திருக்க வேண்டும். வேண்டுமென்றே தாமதித்தால் நாளுக்கு ஒரு நாள் கூலி வீதம் 30 நாள் வரை அபராதம். அந்தப் பணமும் உங்களுக்குத்தான் வரும்! இழுத்தால் முதலாளிக்குத்தான் நஷ்டம்.

பதில் 2: விசாவைச் சொல்லி மிரட்டினால்?

பதில் 1: அப்படி மிரட்டுவதே சட்டவிரோதம். குடியேற்ற நிலை எதுவானாலும் புகார் கொடுக்கலாம். அப்புறம், ஷிஃப்ட் நேரம் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா, எல்லாம் போனில் இருக்கிறது.