உதவி: உப்பு போட்டும் பாலிலைசின் சுருளவில்லை (இப்போது வெள்ளைப் படிகம் வேறு)

நூல்கண்டு:
பாலி-எல்-லைசின் (லைசின் என்ற அமினோ அமிலம் மட்டும் கோத்த நீள்சங்கிலி), ஹைட்ரோபுரோமைடாக, அதாவது புரோமைடு உப்பாக வாங்கியது. மில்லிலிட்டருக்கு 0.1 மி.கி., 10 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்), பி.எச். 7, 1 மி.மீ. செல் (மாதிரியை ஊற்றும் குவார்ட்ஸ் குப்பி). பக்கச் சங்கிலிகளின் நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் சுருள் நிற்பதில்லை; சோடியம் குளோரைடு போட்டால் தள்ளல் அடங்கி ஆல்ஃபா சுருள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். 1 மோலார் வரை ஏற்றியாயிற்று, சிடி ஸ்பெக்ட்ரத்தில் (இடம், வலம் சுழலும் ஒளியை மூலக்கூறு எவ்வளவு வித்தியாசமாக உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) சுருளின் அடையாளமான பள்ளம் 222 நானோமீட்டரில் இல்லவே இல்லை. 200-க்குக் கீழே வெறும் இரைச்சல். பி.எச். 11-இல் மட்டும் 208, 222 இரண்டிலும் அழகாக விழுகிறது. புரோமைடுதான் வில்லனா?

உப்புக்கல்:
உங்கள் செறிவில் புரோமைடு அரை மில்லிமோலார்தான் இருக்கும், அதை விடுங்கள். இரைச்சலுக்குக் காரணம் நீங்கள் கொட்டிய குளோரைடு. 1 மோலாரில் அந்தப் பகுதி ஒளியை அதுவே விழுங்கிவிடும். டிடெக்டர் வோல்டேஜைப் பாருங்கள், உச்சத்துக்கு ஏறியிருக்கும்.

சுருள் வராதது வேறு கதை. எவ்வளவு உப்பு என்பதைவிட எந்த அயனி என்பதுதான் இங்கே பெரிது. குளோரைடு தன்னைச் சுற்றியுள்ள நீரை எளிதில் விடாது. அதனால் லைசினின் அமோனியம் முனையை ஒட்டி உட்காராமல் தள்ளியே நிற்கும். பெர்குளோரேட் பெரிய அயனி, நீரைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். அது முனையோடு நெருங்கி ஜோடி சேர்ந்து மின்னூட்டத்தை அமர்த்தும். நடுநிலை பி.எச்.சிலேயே சுருள் எழும். சிடிக்கும் அது தொல்லை தராது. தயோசயனேட்டும் நன்றாக ஒட்டும், ஆனால் ஒளியை உறிஞ்சித் தொலைக்கும். சோடியம் பெர்குளோரேட் 1 மோலார், 5 டிகிரியில் பாருங்கள். சூடேறினால் சுருள் அவிழும்.

நூல்கண்டு:
போட்டேன். 25 டிகிரியில் 222-இல் லேசாக இறங்கியது, சந்தோஷப்பட்டேன். 5 டிகிரிக்குக் கொண்டுபோனதும் செல்லுக்குள் வெள்ளைத் தூள்! பாலிமர் வீழ்படிவாகிவிட்டதா?

உப்புக்கல்:
பாலிமர் இல்லாமல் பஃபரையும் உப்பையும் மட்டும் குளிர வையுங்கள். அதிலும் தூள் வந்தால் அது பொட்டாசியம் பெர்குளோரேட். அறை வெப்பத்திலேயே 100 மி.லி. நீரில் 2 கிராம் அளவுக்குத்தான் கரையும், குளிரில் இன்னும் குறைவு. உங்கள் பஃபர் பொட்டாசியம் பாஸ்பேட் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும், மன்னிக்கவும்.

பீக்கர்மணி:
பி.எச். மீட்டரையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோடுக்குள் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பெர்குளோரேட்டில் முக்கினால் நுனித் துளையில் இதே உப்பு அடைத்து அளவீடு அலையும். நான் ஒரு எலக்ட்ரோடைத் தொலைத்த பிறகுதான் இது புரிந்தது. உப்பு போடுமுன் பி.எச்.சைச் சரிசெய்துகொள்ளுங்கள். அப்புறம், பெர்குளோரேட் கழிவைக் கரிமக் கரைப்பான் கேனில் ஊற்றாதீர்கள், உலர்த்தவும் வேண்டாம்.

நூல்கண்டு:
வெறும் பஃபரிலும் தூள் வந்தது! சோடியம் பாஸ்பேட்டுக்கு மாறினேன். 5 டிகிரியிலும் கரைசல் தெளிவு, 208-இலும் 222-இலும் பள்ளம். ஒரு சின்ன சந்தேகம்: செல்லைக் கழுவி வெறும் பஃபர் ஊற்றினாலும் மெல்லிய சிக்னல் மிச்சம் இருக்கிறதே?

பீக்கர்மணி:
பாலிலைசின் குவார்ட்ஸ் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் உயிரணுக்களை ஒட்டவைக்கப் பூசுவதே அதைத்தானே. செல் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெறும் பஃபரின் கோடு தட்டையான பிறகே அடுத்த மாதிரியை ஊற்றுங்கள்.