திருவரங்கம் 1752: மேசைப்போருக்கு வாங்கிய டெரெய்ன் துண்டுகளை எப்படி முடிப்பது?

அரசலாறு (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என்னுடன் படித்த இருவரும் கடந்த ஓராண்டாக 28 மி.மீ. உயரச் சிப்பாய்ச் சிற்றுருவங்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி மேசைப்போர் ஆடிவருகிறோம். இதுவரை சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணியை விரித்து, அதன் அடியில் புத்தகங்களை அடுக்கி மேடாக்கி ஒப்பேற்றிவிட்டோம். 1752இல் பிரெஞ்சுப் படையும் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபின் படையும் திருவரங்கத் தீவுக்குள் அகப்பட்டுக்கொண்ட கட்டத்தை ஆறடிக்கு நான்கடி மேசையில் ஒழுங்காக அமைத்து ஆட வேண்டும் என்ற ஆசையில், சம்பளப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக டெரெய்ன் துண்டுகளை, அதாவது மேசையில் வைக்கும் வீடு, மதில், ஆறு போன்ற மாதிரிகளை, இணையத்தில் வாங்கத் தொடங்கினேன்.

நான்கு வீடுகள் லேசரில் வெட்டிய எம்டிஎஃப் பலகைகளாக வந்தன. புரட்டாசியில் அவற்றை ஒட்டி, நேராக வண்ணம் பூசி அலமாரியில் வைத்தேன். ஐப்பசி அடைமழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது சுவர்களின் விளிம்பு உப்பியிருந்தது, ஒரு கூரையின் மூலை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ரெசின் என்னும் பிளாஸ்டிக் பிசினில் வார்த்த ஆறு மதில் துண்டுகளில் பூசிய வண்ணம், விரல் பட்ட இடத்திலெல்லாம் தோலாக உரிகிறது. மூன்றாவது என் சொந்தக் கைவேலை: தெர்மாகோலைச் செதுக்கி ஒரு மேடு செய்து, ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்பிரேயை அடித்தேன். என் கண்ணெதிரே மேடு பள்ளமாயிற்று.

கையில் இன்னும் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. நீர்போல் தெரியும் நீலப் பூச்சை ஊற்றி முடித்த ஆற்றுத் துண்டுகளின் தொகுப்பு ஒன்றும், முப்பரிமாண அச்சில் எடுத்த கோபுரம் ஒன்றும் கண்ணில் பட்டன. இரண்டையும் வாங்கினால் பணம் தீர்ந்துவிடும். வாங்கலாமா, அல்லது இருப்பதை முதலில் சரிசெய்ய வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடவாறு (தஞ்சாவூர்) எழுதியது:

தம்பி, மூன்றுக்கும் நோய் வேறு வேறு என்றாலும் காரணம் ஒன்றுதான். வண்ணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறோம். பொம்மைக்குக் கண் எழுத ஆகும் நேரம் கொஞ்சம். அதற்கு முன் வெள்ளை அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி வெள்ளை அடித்துக் காயவைப்பதற்குத்தான் நாள்கணக்கில் ஆகும்.

முதலில் ரெசின். வார்ப்பு அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்காக அச்சின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு பூச்சைத் தெளிப்பார்கள். அந்தப் பிசுக்கு துண்டின் மேலேயே தங்கிவிடும். எண்ணெய்ச் சட்டியின் மேல் சுண்ணாம்பு அடித்தால் எப்படி நிற்கும்? உரிகிற வண்ணம் முழுவதையும் எடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் செங்கல் இடுக்குகள்வரை தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடியுங்கள். வளைந்த மதில் துண்டு ஏதாவது இருந்தால் அதை வெந்நீரில் போட்டு, இளகியதும் சமதளத்தில் வைத்து அழுத்தியபடியே குளிர்ந்த நீரை ஊற்றினால் நேராகிவிடும். ரெசினை உப்புத்தாளால் தேய்க்க நேர்ந்தால் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

எம்டிஎஃப் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் மழைக்காலத்தில் அதிகம் கெடுவது அதுதான். மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. அதன் முகம் ஓரளவு இறுகியிருக்கும். ஆனால் வெட்டுப்பட்ட விளிம்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. உப்பிய விளிம்பை உப்புத்தாளால் மட்டமாக்கி, பெயிண்ட் கடையில் தச்சர்கள் வாங்கும், ஈரம் புகாமல் அடைக்கும் மரச் சீலரை இரண்டு கை பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளை ஒருமுறை ஓட்டிவிட்டு இரண்டாவதைப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சுவருக்கு மட்டும் பூசினால் போதாது. உட்சுவர், கூரையின் அடிப்புறம், வீடு நிற்கும் தளத்தின் அடி எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், பூச்சு காய்ந்து சுருங்கும்போது பலகையைத் தன் பக்கம் இழுக்கும், பூசாத பக்கமோ ஈரத்தை வாங்கிப் பெருக்கும். உங்கள் கூரையின் மூலை தூக்கிக்கொண்டது இந்த இரண்டும் சேர்ந்துதான். சிலர் பெவிகாலில் நீர் கலந்து சீலராகப் பூசுவார்கள். சாதாரண பெவிகால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும், ஆகையால் நீரைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தெர்மாகோலை ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் கரைத்துவிடும். பெவிக்விக்கும் அதை அரிக்கும். பெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து, ஊசித் துளைகூட விடாமல் தூரிகையால் இரண்டு முறை பூசினால் அது கவசமாக நிற்கும். பள்ளமான மேட்டை எறிந்துவிட வேண்டாம். கொஞ்சம் பட்டி பூசி, மேலே மணல் ஒட்டினால் வெள்ளம் அரித்த படுகைக் கரையாகவே தெரியும். நீங்கள் வேண்டுமென்றே செதுக்கியிருந்தாலும் அவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

இன்னொன்று. கார்த்திகைத் தூறல் நாளில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் வெள்ளை படர்ந்து, பட்ட பாடெல்லாம் பாழாகும். தை பிறந்தபின் முற்பகல் வெயிலில் அடிக்கலாம். அவசரமென்றால் தூரிகையால் பூசும் வார்னிஷே போதும்.

வெட்டாறு (நாகூர்) எழுதியது:

கோபுரத்தை வாங்குவதற்கு முன், அது எந்த இழையில் அச்சிடப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பிஎல்ஏ எனப்படும் பிளாஸ்டிக் இழை 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். நண்பர் வீட்டுக்கு விளையாட எடுத்துச் சென்ற என் காவல் கோபுரத்தைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மறந்து வைத்துவிட்டேன். மாலையில் அது வணங்கிக்கொண்டு நின்றது. அச்சுப் படிவின் வரிகளும் கோடு கோடாகத் தெரியும். உப்புத்தாளும் நிரப்பும் பிரைமரும் மாறி மாறிப் போட்டால்தான் அவை மறையும்.

வடவாறு ஐயா மணல் ஒட்டச் சொன்னதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். கடற்கரை மணலை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு, வண்ணத்தின் மேல் கசிந்து நிற்கும். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அள்ளி வந்து நான் ஒரு முழுப் பலகையை இழந்தேன். நல்ல நீரில் நான்கைந்து முறை அலசிக் காயவைத்தால் பயன்படும். அதைவிட, பக்கத்தில் யாராவது வீடு கட்டினால் ஒரு கைப்பிடி ஆற்றுமணல் கேட்டு வாங்கிச் சல்லடையில் சலித்துக்கொள்வது எளிது.

பாமணி (மன்னார்குடி) எழுதியது:

இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. விலைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் ஆடப்போகும் போருக்கு இரண்டும் பொருந்தாது என்பதால் சொல்கிறேன்.

கோபுரத்தை முதலில் பார்ப்போம். இன்று நாம் தொலைவிலிருந்தே கண்டு கும்பிடும் திருவரங்கத்து இராஜகோபுரம் 1987இல்தான் நிறைவு பெற்றது. அதுவரை அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1752ஆம் ஆண்டின் மேசையில் பதின்மூன்று நிலைகளோடு அதை நிறுத்தினால், பிரெஞ்சுக்காரர் கையில் கைப்பேசி கொடுத்ததுபோல் இருக்கும். அளவும் இடிக்கும். 28 மி.மீ. உருவத்துக்குச் சுமார் 56இல் ஒரு பங்கு என்று கணக்கு வைத்தால், 236 அடி, அதாவது ஏறத்தாழ 72 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 1.3 மீட்டர் உயரத்துக்கு வரும். உங்கள் மேசையின் அகலத்தைவிட அது அதிகம். அவர்கள் அடைபட்டிருந்தது மதில்களுக்குள். ஆகவே உங்களுக்கு வேண்டியது மதில்தான். அது ஏற்கனவே ஆறு துண்டுகள் உங்களிடம் இருக்கிறது. இருபதடி உயர மதில் இந்தக் கணக்கில் 11 செ.மீ. வரும், ரெசின் துண்டுகள் குட்டையாக இருந்தால் அடியில் ஒரு பீடம் கொடுத்து உயர்த்துங்கள்.

அடுத்தது ஆறு. ஏப்ரலில் கிளைவின் ஆங்கிலேயப் படை கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் இறங்கியிருந்தது. ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லா, ஆங்கிலேயத் தளபதி மேஜர் லாரன்ஸிடம் சரணடைந்தார். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து வெள்ளம் இறங்கிவருவதற்கு முந்தைய மாதங்கள் அவை. மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது. ஜூன் 12 என்று நாள் குறித்து நீர் திறப்பதும் அதற்குப் பிந்திய வழக்கமே. கோடையில் காவிரியையும் கொள்ளிடத்தையும் பார்த்தவர்கள் யாரும் அவற்றுக்கு நீல வண்ணம் பூச மாட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை மணல், நடுவே ஓரிரு கால்களாகப் பிரிந்து ஓடும் மெலிந்த நீர், ஓரத்தில் நாணல். விளையாட்டு விதியும் இதனால் மாறும் என்பதைக் கவனியுங்கள். ஆறு கடக்க முடியாத தடையாக இல்லாமல், மறைவே இல்லாத வெட்டவெளியாகிவிடுகிறது. இறங்குகிறவனை இரு கரையிலிருந்தும் சுடலாம்.

ஆகவே ஆற்றை நீங்களே செய்யுங்கள். ஆறடி மேசையை மூன்றடிக்கு இரண்டடி அளவில் நான்கு துண்டுகளாக 6 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, இரண்டு முகத்துக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். சலித்த மணலைப் பெவிகால் பூசிய படுகையில் தூவி, மறுநாள் உதிரியைத் தட்டிவிட்டு, நீர் கலந்த பெவிகாலை மேலே ஒருமுறை சொட்டவிட்டால் மணல் பிறகு கையோடு வராது. மணலுக்கு மணல் நிறமே இருக்கிறதே என்று வண்ணம் பூசாமல் விட்டுவிடாதீர்கள்; பூசாத மணல் மேசையில் பெரிதாகவும் பொய்யாகவும் தெரியும். அடர்ந்த பழுப்பை அடியில் கொடுத்து, அது காய்ந்தபின் தூரிகையில் வண்ணத்தைத் தொட்டுப் பழந்துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, சந்தன நிறத்தையும் அதற்கு மேல் வெளிறிய தந்த நிறத்தையும் மேலோட்டமாக இழுங்கள். நீர் ஓடும் காலுக்கு மட்டும் பழுப்புப் பச்சை பூசி, பளபளப்பு வார்னிஷை மூன்று முறை கொடுத்தால் போதும். நீர்போல் ஊற்றி இறுகவிடும் இரு கலவை எபாக்சி வேண்டாம். ஈரக் காற்றில் அதன் மேற்பரப்பில் பிசுபிசுப்பு படரும்.

கரைக்கு அப்பால் வயல்களுக்கும் இதே கோடைக் கணக்குத்தான். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கோதுமை வயலுக்குத் தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டுவார்கள். நீங்கள் அதே மிதியடியை வாங்கி, கத்தரியால் ஒட்ட நறுக்கினால் அறுத்துவிட்ட நெல்தாளாகிவிடும். வரப்புகளைச் சணல் கயிற்றின் மேல் பட்டி பூசி எழுப்புங்கள். காய்ந்த வண்டல் சாம்பல் நிறமாக வெளிறும், வாய்க்காலின் அடியில் மட்டும் கருமை நிற்கும். வீட்டு வாசலைத் தாண்டிப் போய் ஒரு கட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் கலக்குங்கள். எந்தக் கடையின் வண்ணப் புட்டியும் அந்த நிறத்தைத் தராது. ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட இடம் கிடைத்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஆனால் அது என் ஆசை மட்டுமே.

ஆறாயிரத்தில் பிளைவுட், சீலர், வார்னிஷ், மிதியடி எல்லாம் போக மீதியிருந்தால், அதில் நல்ல தூரிகைகள் இரண்டும் தென்னை மரங்களும் வாங்கலாம். உண்மையான அளவில் தென்னை முப்பது சென்டிமீட்டர் உயரம் வரும். கை தட்டித் தட்டி ஒடியும். பதினைந்து சென்டிமீட்டரே ஆட்டத்துக்கு வசதி.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கோபுரம் 1987 என்பது எனக்குத் தெரியாது. நல்லவேளை, பணம் கட்டவில்லை. ஒரே ஒரு ஐயம். தஞ்சையில் பெரிய கோயிலை நெட்டியில் அவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்களே, மதிலுக்கு மேலே வரும் வேலைப்பாட்டை நெட்டியில் செய்து ஒட்டினால் என்ன?

வடவாறு (தஞ்சாவூர்) எழுதியது:

வேண்டாம் தம்பி. நெட்டி குளத்திலும் ஏரியிலும் வளரும் செடியின் தண்டு; கத்திக்கு வெண்ணெய்போல் வெட்டுப்படும், வெட்டிய முகம் தந்தம்போல் இருக்கும். ஆனால் நகம் பட்டால் குழியும், நீர் கலந்த வண்ணத்தை வைத்தால் குடித்துக்கொள்ளும். அதனால்தான் நெட்டிக் கோயில்களை வண்ணம் பூசாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். உங்கள் மேசையிலோ பகடை உருளும், முழங்கை இடிக்கும், ஈயச் சிப்பாய் மேலே விழுவான். யார் கையும் படாத இடத்தில் வைப்பதானால், கோயில் குளத்து ஆம்பலை நெட்டியில் நறுக்கி வையுங்கள், வண்ணமே தேவைப்படாது. மதில் வேலைப்பாட்டுக்கு எக்ஸ்பிஎஸ் என்னும் இறுகிய நுரைப்பலகை போதும். எழுதாத பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினாலே கல்லிடுக்கு விழும்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. ரெசின் துண்டுகளைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். கழுவிய நீரின் மேல் எண்ணெய்போல் ஒரு படலம் மிதந்தது. தூக்கிக்கொண்ட கூரையின் அடிப்புறத்துக்கு இன்று மாலை சீலர் பூசி, பிசுபிசுப்பு போனதும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அம்மாவிடம் கேட்டு அம்மிக்குழவியை அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். படிந்ததா இல்லையா என்பது நாளைக் காலை, அம்மா குழவியைத் திருப்பிக் கேட்கும்போது தெரியும்.