இருதயக் குளிசையால் வந்த தைரொயிட்: ஹோர்மோன் இறங்கும்வரை பொறுப்பதா, உடனே வெட்டுவதா?

முத்தையன்கட்டுக்காரன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிப்பதற்கு இரண்டரை வருடமாக அமியோடரோன் 200 மில்லிகிராம் போடுகிறார், கூடவே இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோர்பரினும். மாசியில் நெல் வெட்டுக்காலத்தில் உடம்பு வற்றத் தொடங்கியது. வெயில், வயல் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். 58 கிலோ இருந்தவர் 47க்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்காமல் நடுங்கிய பிறகுதான் இரத்தம் குத்திப் பார்த்தார்கள். தைரொயிட் ஹோர்மோன் அளவு, ஃப்ரீ ரி4, 68. அங்கே 22க்குள் இருக்க வேண்டுமாம். இருதயக் குளிசையால் வந்த தைரொயிட் என்கிறார்கள். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அந்தப் பரிசோதனை செய்யவில்லை. அந்தக் கோபத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

சுரப்பி ஹோர்மோன் செய்வதைத் தடுக்கும் கார்பிமசோலை ஆறு கிழமை போட்டும் அசையவில்லை. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் 40 மில்லிகிராம் சேர்த்து இன்றைக்கு 12 நாள். இப்போது 51. சத்திரசிகிச்சை டொக்டர் தைரொயிட் சுரப்பியை முழுக்க எடுத்துவிடலாம் என்கிறார். மயக்க மருந்து டொக்டர் இன்னும் இறங்கட்டும் என்கிறார். அம்மாவோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்கிறார். கனடா அக்கா இரவிரவாகப் போன் எடுத்து "கொழும்புக்குக் கொண்டு போ" என்கிறா. இதே நிலையில் இருந்த யாராவது சொல்லுங்கள்.

ஏ9 பயணி:
தம்பி, அவசரப்படாதீர்கள். எனக்கும் தைரொயிட் எடுத்தது. கண் பிதுங்கும் வகை. நான்கு மாதம் கார்பிமசோல் போட்டு இரத்தம் சரியான பிறகு, லூகோல் என்ற அயடீன் துளியைப் பத்து நாள் குடிக்கத் தந்து, அப்புறம்தான் மேசையில் ஏற்றினார்கள். ஹோர்மோன் கூடியபடி மயக்கினால் "தைரொயிட் புயல்" வரும்: காய்ச்சல் ஏறும், நாடி 150, 160 என்று ஓடும், ஆள் புலம்பத் தொடங்கும், இருதயம் கைவிடும். மயக்க மருந்து டொக்டர் சொல்வதுதான் சரி. லூகோல் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

குளிசைக்கடைத் தம்பி:
ஏ9 அண்ணா, மன்னிக்க வேண்டும், லூகோல் பேச்சை இங்கே எடுக்காதீர்கள். உங்கள் நோயில் அது நல்ல மருந்து. இந்த அம்மாவின் நோயே அயடீன் வெள்ளத்தில் வந்தது. அமியோடரோனின் எடையில் 37 வீதம் அயடீன். ஒரு 200 மில்லிகிராம் குளிசைக்குள் 75 மில்லிகிராம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கணக்குப் பார்த்தால் ஒரு குளிசைக்குள் 500 நாள் அயடீன் கிடக்கிறது. அவ்வளவும் ஒரேயடியாகக் கழன்று வராது, பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். அதுவே தேவைக்கு நாற்பது மடங்கைத் தாண்டும். வீட்டுக்குள் வெள்ளம் நிற்கும்போது கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றலாமா?

நெடுங்கேணி வாத்தியார்:
எல்லாவற்றுக்கும் மூலம் இந்த அயடீன் உப்புத்தான். எங்கள் காலத்தில் ஆனையிறவு உப்பைக் கல்லாகவே சாப்பிட்டோம். ஒருவருக்கும் தைரொயிட் இல்லை.

குளிசைக்கடைத் தம்பி:
சேர், கழுத்தில் கழலையோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. உப்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, குளிசையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மடுவீதி அக்கா:
என் கணவருக்கு இதே குளிசையால் இதே பிரச்சினை வந்தது. எங்களுக்கும் வெட்ட வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. கழுத்து ஸ்கானில் இரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தது. அப்படியென்றால் சுரப்பி புதிதாக ஹோர்மோன் செய்யவில்லை, உடைந்து ஏற்கனவே இருந்ததைக் கொட்டுகிறது என்று விளங்கப்படுத்தினார்கள். இரண்டாம் வகையாம்; சுரப்பி புதிதாகச் செய்து கூட்டுவது முதலாம் வகை. அதற்குக் கார்பிமசோல் வேலை செய்யாது, ஸ்டீரொயிட்தான் கேட்கும். ஐந்தாம் கிழமை ரி4 சரியாகிவிட்டது. சீனி ஏறியது உண்மை, இன்சுலின் குத்தினோம், பிறகு அதுவும் போய்விட்டது. இன்றைக்கு அவர் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார், கழுத்தில் ஒரு கீறலும் இல்லை.

தம்பி, 12 நாளில் 68இலிருந்து 51. மருந்து கேட்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குரல் நரம்பு போனால் போனதுதான்.

தியேட்டர் தங்கச்சி:
(சினிமா தியேட்டர் இல்லை, ஒப்பரேசன் தியேட்டர். 14 வருடம்.)

மடுவீதி அக்கா, உங்கள் கணவருக்கு அது சரி. ஆனால் நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. எக்கோ, அதாவது இருதய ஸ்கான், எப்படி? இருதயம் எவ்வளவு பம்ப் பண்ணுகிறது? எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை அதுதான் சொல்லும், ரி4 அல்ல.

அமியோடரோன் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு நிறுத்தினாலும் பாதி வெளியேற சராசரியாக இரண்டு மாதத்துக்கு அருகில் ஆகும், சிலருக்கு நூறு நாளையும் தாண்டும். ஏ9 அண்ணாவின் நோயில் "இறங்கட்டும்" என்றால் ஒரு திகதி இருக்கும். இதில் திகதி கிடையாது. பொறுத்திருந்து, பொறுத்திருந்து, கடைசியில் மூச்சு வாங்கி, கால் வீங்கி, கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது, ஆனால் அப்போது இருதயம் பாதிதான் மிச்சம். 2018இல் ஐரோப்பிய தைரொயிட் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலிலும், இருதயம் மோசமாகிக்கொண்டு போனால் தாமதிக்காமல் முழுச் சுரப்பியையும் எடுக்கும்படிதான் இருக்கிறது.

மடுவீதி அக்கா:
வழிகாட்டல் ஐரோப்பாவில் எழுதியது. அங்கே மேசைக்குப் பக்கத்தில் எல்லாம் இருக்கும். இங்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்கே மாங்குளம் வந்து பஸ் மாற வேண்டும். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கல்சியம் இறங்கிக் கை இழுத்தால் யார் பார்ப்பது?

தியேட்டர் தங்கச்சி:
அதே தூரம் காத்திருக்கும்போதும் இருக்கிறதே அக்கா. நடு இரவில் நாடி 160 ஆனால் அதே மாங்குளம்தான்.

முத்தையன்கட்டுக்காரன்:
கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். போன வருட எக்கோவில் 50 வீதம். போன கிழமை 35. இதை யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்கானில் இரத்த ஓட்டம் குறைவு, ஆனால் சின்னக் கட்டிகள் இரண்டு மூன்று இருக்கின்றன, இரண்டு வகையும் "கலப்பாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது.

ஏ9 பயணி:
35 என்றால் நான் முன்பு எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். லூகோலையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேள்வி மிச்சம் இருக்கிறது: பலவீனமான இருதயத்தைக் கூடிய ஹோர்மோனோடு மயக்குவது இரட்டை ஆபத்து இல்லையா? அந்த டொக்டர் பயப்படுவது சும்மா இல்லை.

தியேட்டர் தங்கச்சி:
சும்மா இல்லை. அதைச் சும்மா என்று நானும் சொல்லவில்லை. அதனால்தான் "உடனே" என்றால் நாளைக் காலை என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்கிக்கொண்டு, நாடியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு திகதியை முதலே குறித்துவிட்டு வேலை செய்வது. 22 வரும்வரை என்று குந்தியிருப்பது வேறு.

குளிசைக்கடைத் தம்பி:
இடையில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, டொக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். கொலஸ்டைரமின் தூள்: குடலுக்குள் வரும் ஹோர்மோனைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். ஆனால் அது மற்றக் குளிசைகளையும் பிடிக்கும், வோர்பரினையும் சேர்த்து, ஆகவே நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்மா மாற்றுவது: இரத்தத்தில் சுற்றும் ஹோர்மோனை நேராக எடுத்துவிடும், ஆனால் பலன் ஓரிரு நாள்தான், எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யவும் முடியாது. முன்பு பித்தப்பைப் படம் எடுக்க ஒரு சாயக் குளிசை இருந்தது, ஐயோபனோயிக் அமிலம். இந்த வேலைக்கு அதுபோல ஒன்று இல்லை என்பார்கள், ஏனென்றால் ரி4 அதைவிட வேகம் கூடிய ரி3 ஹோர்மோனாக மாறுவதை அது அடைத்துவிடும். ஸ்கான் வந்த பிறகு அந்தக் குளிசையை வாங்க ஆளில்லை, கம்பனிகளும் கைவிட்டுவிட்டன.

முக்கியமான ஒன்று, வோர்பரின். தைரொயிட் கூடினால் வோர்பரினின் வேகமும் கூடும், அமியோடரோனும் அதைக் கூட்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தது? கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், அது தெரியாமல் இருக்கக்கூடாது. அடுத்தது, கார்பிமசோல் போடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வைக்காமல் அன்றைக்கே வெள்ளணுக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முத்தையன்கட்டுக்காரன்:
அமியோடரோனை நானே நிறுத்திவிடட்டுமா? அதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்.

தியேட்டர் தங்கச்சி:
வேண்டாம்! இருதய டொக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். அது இல்லாமல் இருதயம் எப்படி அடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நிறுத்தினாலும் ஹோர்மோன் நாளைக்கே இறங்காது, சிலருக்கு முதலில் கூடித் தெரியும், ஏனென்றால் அதே குளிசைதான் இவ்வளவு காலம் இருதயத்துக்குக் கொஞ்சம் மூடியும் போட்டிருந்தது. சுரப்பியை எடுத்தால் ஒரு வசதி: அமியோடரோன் இல்லாமல் முடியாது என்றால் திரும்பப் போடலாம். கெடுவதற்குச் சுரப்பி இல்லை.

மடுவீதி அக்கா:
நல்ல சமாதானம். வீட்டில் எலி என்று வீட்டைக் கொளுத்துவது.

தியேட்டர் தங்கச்சி:
அக்கா, வீடு ஏற்கனவே எரிகிறது. 50 எரிந்து 35இல் நிற்கிறது.

நெடுங்கேணி வாத்தியார்:
இருவரும் சண்டை போடாதீர்கள். தம்பி, டொக்டர்மாரை ஒரே அறைக்குள் இருத்திக் கதைக்க வையுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போனால் ஒவ்வொரு பதில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் 30 வருடம் பார்த்த பாடம் இது.

(உப்பு விசயத்தில் என் கருத்து மாறவில்லை.)

முத்தையன்கட்டுக்காரன்:
வாத்தியார் சொன்னபடி செய்தேன். இருதயம், தைரொயிட், சத்திரசிகிச்சை, மயக்க மருந்து நான்கு பேரும் ஒரு பின்னேரம் அம்மாவின் கட்டிலடியில் நின்று கதைத்தார்கள். திகதி குறித்தாயிற்று: இன்னும் ஒன்பது நாள். அதுவரை ஸ்டீரொயிட் தொடரும், கொலஸ்டைரமின் சேரும், நாடிக்குச் சின்ன அளவில் பீட்டா குளிசை. வோர்பரினை நிறுத்தி ஊசிக்கு மாற்றுகிறார்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அன்றைக்கே. பொங்கலுக்கு முன்னமே திகதி வந்ததில் அம்மாவுக்கு என்னோடு கோபம்.

முத்தையன்கட்டுக்காரன்:
முடிந்தது. கடைசி ரி4 39. நாடி 88க்கு வந்திருந்தது. இரண்டரை மணி நேரம். மயக்க மருந்து டொக்டர் வெளியே வந்து "உங்கள் அம்மாவால் எனக்கு இரண்டு வயது கூடிவிட்டது" என்று சிரித்தார். குரல் இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு. மறுநாள் உதட்டிலும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல என்றார், கல்சியம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து இன்றைக்கு ஆறு நாள். பொங்கலுக்குத் தன் பங்குப் பச்சையரிசியை என்னிடம் அளந்து தந்திருக்கிறார்.

மடுவீதி அக்கா:
அம்மன் காப்பாற்றினா. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். 68இல் வெட்டியிருந்தால் இந்தச் செய்தி வந்திருக்காது. 39க்கு இறங்கும்வரை பொறுத்தார்கள், அதுதான் நான் சொன்னது.

தியேட்டர் தங்கச்சி:
22க்குப் பொறுத்திருந்தாலும் வந்திருக்காது. அதுதான் நான் சொன்னது.

ஏ9 பயணி:
இரண்டு பேருக்கும் ஒரு தேத்தண்ணி என் கணக்கில், மாங்குளம் சந்தியில்.

முத்தையன்கட்டுக்காரன்:
கடைசியாக ஒன்று. சுரப்பியே இல்லை, ஆனால் அதன் ஹோர்மோனுக்குப் பதிலாகப் போடும் தைரொக்சின் குளிசையை இப்போது தொடங்காமல் அடுத்த கிழமை தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். மறந்துவிட்டார்களா?

குளிசைக்கடைத் தம்பி:
மறக்கவில்லை. இரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் ரி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் அளவில் ஆகும். அம்மாவின் இரத்தத்தில் ஹோர்மோன் இப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். தொடங்கிய பிறகு காலையில் வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு முன்னால் கொடுங்கள். கல்சியத்தை அதோடு கொடுக்காதீர்கள், நான்கு மணி நேரம் தள்ளி. பிரெட்னிசொலோனைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், முடிந்துவிட்டது என்று திடீரென நிறுத்த வேண்டாம். வோர்பரின் திரும்பத் தொடங்கியதும் ஐஎன்ஆர் கிழமைக்கொருமுறை. ஹோர்மோன் இறங்க இறங்கப் பழைய அளவு போதாமல் வரும்.

முத்தையன்கட்டுக்காரன்:
எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியாயிற்று. அம்மா கேட்கச் சொல்கிறார்: காலைத் தேத்தண்ணிக்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்?

குளிசைக்கடைத் தம்பி:
அரை மணி. முடிந்தால் ஒரு மணி.