இஸ்பேட் ஏஸை உருவிக்கொண்டு சீட்டுக்கட்டை எறிவது சேகரிப்பா?

கானாடுகாத்தான்வாசி:
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் பார்க்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கண்ணாடித் தட்டில் 'கிரேட் மொகல்' என்ற பெயர்கொண்ட பழைய சீட்டுக்கட்டுகளின் இஸ்பேட் ஏஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, தனி விலை. அவை எந்தக் கட்டுகளிலிருந்து உருவப்பட்டனவோ அந்தக் கட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு மூலையில் ஒரு கோணிக்குள் கிடக்கின்றன. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இது சிதைப்பு. பெட்டகத்தின் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு மரத்தை விறகுக்குப் போடுகிறவரைச் சேகரிப்பாளர் என்று யாராவது சொல்வார்களா? ஏஸ் வாங்குகிறவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். உங்கள் நியாயத்தைச் சொல்லுங்கள்.

ஒற்றைச்சீட்டு:
நான் வாங்குகிறேன் அண்ணன், அதனால் நானே சொல்கிறேன்.

மற்ற 51 சீட்டுக்கும் இல்லாத வரலாறு இஸ்பேட் ஏஸுக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது. 1765 முதல் இஸ்பேட் ஏஸை அரசாங்கமே அச்சடித்தது. வரி கட்டிய பிறகுதான் அந்த ஒரு சீட்டு தயாரிப்பாளர் கைக்கு வரும். கள்ள ஏஸ் அடித்த குற்றத்துக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805இல் தூக்கிலேயே போட்டார்கள். 1828இல் வரி ஒரு ஷில்லிங்காகக் குறைந்தபோது கொடியும் சுருளுமாக இழைத்த புது ஏஸ் வந்தது. 'ஓல்ட் ஃபிரிஸில்' என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுவது அதைத்தான். 1862இல் வரி 3 பென்ஸ் ஆனதும் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரோடு தங்கள் சொந்த ஏஸை அடிக்கத் தொடங்கினார்கள். அரசு, வரி, அச்சு மூன்றும் ஒரே சீட்டில் தெரிகின்றன. தேய்ந்துபோன கிளாவர் ஐந்தில் எனக்கு என்ன தெரியும்?

கோணியில் இருப்பவையும் முழுக் கட்டுகள் அல்ல. கரையான் தின்றது போக, நனைந்து ஒட்டியது போக மிஞ்சியவை. அவற்றில் காப்பாற்றத் தக்கதை நான் காப்பாற்றுகிறேன்.

கானாடுகாத்தான்வாசி:
தம்பி, நீங்கள் சொன்ன வரலாறு உண்மைதான். ஆனால் அது இங்கிலாந்துக்குள் விற்ற கட்டின் வரலாறு. நம் பக்கம் வந்து சேர்ந்தவை ஏற்றுமதிக் கட்டுகள், அவற்றுக்கு அந்த வரியே கிடையாது.

'கிரேட் மொகல்' யாருடைய பெயர் என்றும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் முதல் தரக் கட்டின் மேலுறையில் முகலாயப் பேரரசரின் படத்தைப் போட்டார்கள். அடுத்தடுத்த தரங்களுக்கு எட்டாம் ஹென்றி, ஹைலேண்டர், மெர்ரி ஆண்ட்ரூ என்று வேறு படங்கள். அது தரத்தின் பெயர், பலரும் போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரத்து ஆலைகள் இந்தியச் சந்தைக்கென்றே அந்தப் பெயரில் அடித்துக் குவித்தன. அங்கே பிரெபோல்ஸ் 1826இல் சீட்டு அச்சிடத் தொடங்கியது. வான் கெனெக்டன், பியர்மன்ஸ் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. மூன்றும் 1970இல் ஒன்றானதுதான் இன்றைய கார்ட்டாமுண்டி. ஆக, நீங்கள் உறைபோட்டு வைத்திருக்கும் ஏஸ் தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமலே இருந்துவிடலாம்.

அவரைக் காட்டிக்கொடுப்பவை படச்சீட்டுகள். ஹார்ட்டின் ராஜாவை எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது கோடரி. ஒரு மர அச்சைப் பார்த்து இன்னொன்றை வெட்டி, அதைப் பார்த்து மற்றொன்றை வெட்டி வந்ததில் கோடரியின் அலகு காணாமற்போய், இன்று தன் தலைக்குப் பின்னால் கத்தியைச் செருகிக்கொண்டவர் போல நிற்கிறார். ஒவ்வோர் ஆலையும் அச்சு வெட்டும்போது ஒரு விரல் குறையும், ஒரு இலை திரும்பும், கிரீடத்தில் ஒரு கோடு கூடும். கட்டு யாருடையது, எந்தக் காலத்தது என்று ஆராய்கிறவர்கள் பார்ப்பது இவற்றைத்தான். அந்த 12 படங்களையும் நீங்கள் கோணியில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

பழம்பொருள்கடை:
கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள் ஐயா. ஒரு வளவு, அதாவது செட்டிநாட்டுக் கூட்டு வீடு, பங்காளிகளுக்குள் பிரியும்போது பர்மாத் தேக்குப் பெட்டகம், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் தூக்கு இவற்றுக்குத்தான் விலை பேசுவார்கள். சீட்டுக்கட்டு, பழைய ரசீது, பல்லாங்குழி எல்லாம் பெட்டகத்துக்குள் கிடந்தபடி கூடவே வரும். முழுக் கட்டைக் கேட்டு யாரும் கடைப்படி ஏறுவதில்லை. ஏஸைக் கேட்டு வருகிறார்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஏஸ் விலைபோகாவிட்டால் அந்தக் கட்டை நான் எடுத்தே வந்திருக்க மாட்டேன். வெள்ளையடிக்கும் நாளில் குப்பையோடு எரிந்திருக்கும்.

தேவகோட்டை ஆச்சி:
இதுவரை எல்லோரும் தயாரித்தவர்களையும் விற்கிறவர்களையும் பற்றியே பேசியிருக்கிறீர்கள். ஆடியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஐயா வைத்திருந்த கட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பிரித்து வைத்தால் பார்த்தவுடனே ஒன்று தெரியும். ஏழிலிருந்து ஏஸ் வரைக்கும் உள்ள சீட்டுகள் ஓரம் கறுத்து, மூலை மழுங்கி, துணிபோலத் துவண்டிருக்கின்றன. இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள 20 சீட்டுகள் பளபளப்புக்கூடப் போகாமல் விறைப்பாக இருக்கின்றன. ஏனென்றால் அந்தத் திண்ணையில் ஆடியது 304 என்ற சீட்டாட்டம். அதற்கு 32 சீட்டு போதும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, நான்கு இனமும் சேர்ந்தால் 304. ரம்மி ஆடிய வீட்டுக் கட்டென்றால் எல்லாச் சீட்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும்.

கிளாவர் ஏழு எங்கேயோ தொலைந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையை அதே அளவுக்கு வெட்டி, மையால் ஏழு பூ வரைந்து சேர்த்திருக்கிறார்கள். பின்பக்கம் முகூர்த்த நேரம் பாதி தெரிகிறது. தொலைந்தது மூன்றாக இருந்திருந்தால் யாரும் வரைந்திருக்க மாட்டார்கள், ஆட்டத்துக்கு அது தேவையில்லை. இந்த வீட்டில் என்ன ஆடினார்கள் என்று அந்தக் கட்டு சொல்கிறது. ஏஸ் மட்டும் இருந்தால் சொல்லுமா?

ஒற்றைச்சீட்டு:
ஆச்சி, உங்கள் கட்டைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அது இருந்த வீட்டிலேயே இருக்கிறது. கடைக்கு வருவது அப்படியல்ல. எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாது, இரண்டு மூன்று கட்டு கலந்தும் வரும். அதில் தேய்மானத்தைப் படித்து யாருடைய ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது?

ஒற்றைச் சீட்டாகச் சேர்ப்பது நம் ஊரில் முளைத்த வழக்கமும் அல்ல. ஜோக்கர் மட்டும் சேர்ப்பவர்கள், முதுகுக் கோலம் மட்டும் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1844 முதல் லண்டன் சீட்டுத் தயாரிப்பாளர் டி லா ரூ நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ் வரைந்த முதுகுகளை இரண்டு ஏட்டில் அடுக்கி வைத்துப் பார்த்தால் அலங்காரக் கலை எப்படி மாறியது என்பது கண்முன் தெரியும். முழுக் கட்டாகத்தான் சேர்க்க வேண்டுமென்றால் சாதாரண வருமானக்காரன் இந்தப் பக்கமே வர முடியாது. நான் வாங்கிய ஏஸின் உறையில் 200 ஆண்டு என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பழைய பொருளை என்னைப் போன்றவன் வேறு எப்படி வாங்குவது?

கானாடுகாத்தான்வாசி:
அந்த 200 ஆண்டைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். உங்கள் ஏஸின் மூலை வட்டமா, சதுரமா? மூலையில் 'A' என்ற எழுத்து இருக்கிறதா? தட்டில் நான் பார்த்த எல்லாவற்றிலும் மூலை வட்டம், எழுத்தும் உண்டு. ஆங்கிலக் கட்டுகளில் இவை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவின. ராஜா ராணிக்கு மேலும் கீழும் தலை வைப்பது அதற்குச் சற்று முன். தாமஸ் டி லா ரூ வண்ணச் சீட்டை எழுத்தச்சு முறையில் அடிக்கக் காப்புரிமை பெற்றதே 1831இல். அதற்கு முன் கோட்டுருவை அடித்துவிட்டு ஸ்டென்சில் வைத்துக் கையால் வண்ணம் தடவினார்கள். கோடு ஓரிடத்தில், சிவப்பு ஓரிடத்தில் விலகி நிற்கும். அந்த விலகலைப் பார்க்கப் படச்சீட்டு வேண்டும். இருதலையா ஒருதலையா என்று பார்க்கவும் படச்சீட்டுதான் வேண்டும். கறுப்பு ஏஸில் இரண்டும் தெரியாது.

சிவகாசியிலிருந்து:
ஒரு கேள்வி. எல்லோரும் பெல்ஜியம், லண்டன் என்றே பேசுகிறீர்கள். உள்நாட்டுச் சீட்டு என்றால் மைசூர், சாவந்த்வாடி, ஒடிசா என்று கையால் வரைந்த பழைய கஞ்சிஃபா சீட்டுகளுக்குப் போய்விடுகிறோம். பாபர் 1527இல் சிந்துவுக்கு அனுப்பிய பரிசு என்று பெருமை பேசுகிறோம். எங்கள் ஊர் அச்சகங்களில் அடித்த கட்டுகளை யார் எடுத்து வைக்கிறீர்கள்? 1920களில் தீப்பெட்டியோடு வளர்ந்த ஊர் இது. தீப்பெட்டி லேபிளுக்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதே கைகள் அடித்த சீட்டுக்கு ஆளில்லை. கோணியில் ஏஸ்கூட உருவப்படாமல் கிடக்கும் கட்டுகள் அவையாகத்தான் இருக்கும்.

பழம்பொருள்கடை:
உண்மை. அவற்றை யாரும் தொடுவதில்லை.

ஒற்றைச்சீட்டு:
என் நிலை இது. உடைந்த கட்டிலிருந்து ஏஸ் வாங்குவதை நான் நிறுத்தப் போவதில்லை. 52ம் இருக்கும் கட்டைப் பிரித்துக் கொடுத்தால் வாங்க மாட்டேன்.

கானாடுகாத்தான்வாசி:
எது உடைந்த கட்டு என்று யார் முடிவு செய்வது? உங்கள் கணக்குப்படி ஆச்சியின் கட்டும் உடைந்ததுதான். அதில் அச்சடித்தவை 51 மட்டுமே.

கடைக்காரருக்கு இரண்டு வேண்டுகோள். முதலில் அந்த ரப்பர் பேண்டுகளை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இளகிச் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் மேல்தாள் உரிந்து வரும். நூலும் வேண்டாம், ஓரத்தை அறுக்கும். வெள்ளைத் தாளில் மடித்து வைத்தால் போதும். அடுத்து, ஏஸை எடுப்பதற்கு முன் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தாளின் மேல் எழுதிவிடுங்கள். முழுக் கட்டை, உடைந்ததோ உடையாததோ, ஏஸுக்குச் சொல்லும் அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். சிவகாசிக் கட்டுகளும் அதில் சேர்த்தி.

பழம்பொருள்கடை:
தாளில் மடிப்பது ஒன்றும் சிரமமில்லை. விலையும் எனக்குச் சம்மதம். வீட்டை எழுதுவதுதான் முடியாது. பெட்டகத்தை விற்றோம் என்பது வெளியே தெரியக் கூடாது என்றுதான் பலர் விடிவதற்கு முன் வண்டி வரச் சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டுமானால் எழுதுகிறேன்.

தேவகோட்டை ஆச்சி:
ஊர்ப் பெயர் போதும். விற்றவர்களுக்குச் சங்கடம் வர வேண்டாம். கூடவே கட்டு எதற்குள் இருந்தது என்பதையும் எழுதுங்கள்: பெட்டகத்திலா, கணக்குப் பெட்டியிலா, ரங்கூனிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியிலா. கட்டு ஊரில் வாங்கியதா, கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு வெளிநாடு, போன இடத்தில் வாங்கியதா என்று ஊகிக்க அதுவாவது இருக்கும்.