வலையில் தவறிச் சிக்கும் மீனை யார் எண்ணுவது? உதவி தேவை

வணக்கம். தவறிச் சிக்கும் மீன்களுக்கு அரசுகள் விதிக்கும் உச்சவரம்பு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில் பொல்லாக் என்ற மீனைப் பிடிக்கும் கப்பல்களுக்கு, வலையில் தவறிச் சிக்கும் சினூக் என்ற சால்மன் வகையில் 2011 முதல் எண்ணிக்கை வரம்பு உண்டு. மீனைப் பதப்படுத்தும் பெரிய கப்பல்களில், பிடிபடுவதைக் கணக்கெடுக்கும் பார்வையாளர் இருப்பார். சால்மனை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். வரம்பை எட்டினால் பொல்லாக் பிடிப்பதும் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியமோ 2015 முதல் 2019 வரை படிப்படியாக, பிடிப்பளவு ஒதுக்கீடு உள்ள மீன் இனங்களைக் கடலில் வீசவே தடை கொண்டுவந்தது.

என் குழப்பம் சிறிய படகுகளைப் பற்றியது. பார்வையாளருக்குப் படுக்க இடமில்லாத படகில், நள்ளிரவில் வலை கொட்டும்போது கணக்கு எப்படி நிற்கும்? ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறிய சில வகை மீனுக்கு இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கும். அதைத் திருப்பி வீசினால் பெரும்பாலும் பிழைக்காது, பதிவேட்டிலும் ஏறாது. இதுதான் என்னை உறுத்துகிறது. வரம்பு கடுமையாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் கண்ணும் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பார்வையாளராகக் கடலுக்குப் போனவர்கள், படகில் கேமரா பொருத்தி வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கேமராப் பதிவில் ஒரே மாதிரி தெரியும் இனங்களைப் பிரித்தறிய முடிகிறதா? பதிவை முழுவதும் பார்க்கிறார்களா, சில பகுதிகளை மட்டுமா? சொந்த அனுபவமாக இருந்தால் இரண்டு வரியே போதும்.